ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு

ஜேக்கப்ஸில் பஸ் திரும்பும் முனையில்
இப்போது டயர் விற்கிறார்கள்.
ஞாயிறு காலை அதே கொட்டகையில் ஜெபக்கூட்டம்.
அங்கேதான் இருந்தது, ஹாலம் அண்ட் சன்ஸ் கம்பளி மில்.
சன்ஸை நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

பதினேழு வயதில் சேர்ந்தேன், மெண்டிங் மேசையில்.
தறியிலிருந்து இறங்கும் கம்பளியை
விளக்கின் மேல் விரித்து
அறுந்த இழை தேடி, முடிந்து, தள்ளு, அடுத்தது.
ஒரு நாளைக்கு நூற்றுப் பத்து.
பக்கத்து மேசைக் கோகிலம் ஒற்றை முடிச்சு போட்டு
மூன்று மணிக்கே முடித்துவிடுவாள்.
நான் இரட்டை.
எல்லாம் சாம்பல் நிறம், ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு.
யாருக்கு இத்தனை என்று கேட்டதற்கு
மேஸ்திரி பாப்பையா நாயுடு சொன்னார்:
“குளிருகிறவனுக்கு.”

தேநீர் மணி பத்துக்கு.
வெள்ளைக்காரருக்குப் பீங்கான்,
நமக்கு எனாமல் குவளை,
தறிக்கூடத்து ஜூலு ஆட்களுக்கு ஜாம் டப்பா.
விளிம்பைக் கல்லில் தேய்த்துக்கொள்ளாவிட்டால் உதடு கிழியும்.
மூன்றுக்கும் ஒரே அண்டா.
கழுவும் முறை வரும்போதெல்லாம்
கோகிலம் அண்டாவுக்குள் தலையை விட்டுச் சிரிப்பாள்.
சிரிப்பு எதிரொலித்து வரும்.

கேட்டோ மேனரில் எங்கள் வீட்டை இடித்த வாரம்
லீவு கேட்டேன்.
அரை நாள் தந்தார்கள்.
அப்புறம் சாட்ஸ்வொர்த்திலிருந்து இரண்டு பஸ்.
நாலரைக்கு எழுந்தால் ஏழு மணிச் சங்கு.

எழுபத்து மூன்று, ஜனவரி.
இருநூறு தறிகளும் ஒன்றாக நின்றால்
காதுக்குள் ஓர் இரைச்சல் கிளம்பும் என்பது
அன்றைக்குத்தான் தெரிந்தது.
தறிக்காரன் பெக்கி குமாலோ எங்கள் கதவைத் திறந்தான்.
ஒன்றும் பேசவில்லை.
தன் ஜாம் டப்பாவை என் மேசையில்
விரித்திருந்த கம்பளியின் மேல் வைத்துவிட்டுப் போனான்.

முதலில் எழுந்தவள் நான் என்று
இப்போது சொல்லிக்கொள்ளலாம், மறுக்க ஆளில்லை.
முதலில் எழுந்தவள் கோகிலம்.
நான் கையிலிருந்த முடிச்சை
இரண்டாவது முறையும் முடிந்துவிட்டுத்தான் எழுந்தேன்.

வாரத்துக்கு ஒன்றரை ரேண்ட் கூடியது.

மூன்று வருடம் கழித்து ஓர் இரவில்
பெக்கியைக் கூட்டிப்போனார்கள். எட்டு மாதம்.
திரும்பி வந்தவன் கேட்டுக்கு வெளியே நின்று சொன்னான்:
“செல்லில் நம்ம கம்பளிதான். சிவப்புக் கோடு.”
என் வாய் சும்மா இருக்கவில்லை.
“மூலையில் இரட்டை முடிச்சு இருந்ததா?”
அவன் என்னை நெடுநேரம் பார்த்தான்.
“வெளிச்சம் இல்லை, சிஸ்டர். நாற்றம் இருந்தது.”

மறுநாளும் நூற்றுப் பத்து.
பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் பாக்கி.
கொஞ்சம் இறுக்கியே முடிந்தேன்.
அது நல்லதா, கெட்டதா
இன்றுவரை பிடிபடவில்லை.

கோகிலத்தின் நெஞ்சுக்குள் பஞ்சு இறங்கியது.
ஆஸ்துமா என்று எழுதினார் டாக்டர்.
மில் டாக்டர்.

பிறகு ஓட்டுப் போட்டோம்;
பெக்கி எனக்கு நான்கு பேருக்கு முன்னால்,
குடை கொண்டுவந்திருந்தான்.
பிறகு துறைமுகத்தில் கப்பல் கப்பலாகக் கம்பளி,
நாங்கள் நூல் வாங்கும் விலைக்கு.
தறிகளை எடைக்குப் போட்டார்கள்.
சங்கை மட்டும் யாரோ திருடிப் போனார்கள்,
எதற்கென்று தெரியவில்லை.

போன மாதம் மகளின் காருக்கு டயர் மாற்றப் போனோம்.
பையன் கை துடைத்த துணி சாம்பல் நிறம்.
கூரைக்கடியில் ஒரு கட்டு கிடந்ததாம்,
எலி கடித்தது போக மிச்சம்.
“காட்டு” என்று வாங்கி மூலையைத் திருப்பினேன்.

ஒற்றை முடிச்சு.
அவசர அவசரமாகப் போட்டது.
அவிழவில்லை.

“வேணுமா ஆன்ட்டி? உள்ளே இன்னும் இருக்கு.”
பதில் வருவதற்குள் அவன் அதை வாங்கி
விரல் விரலாகக் கிரீஸைத் துடைத்துக்கொண்டு
பில் எழுதத் தொடங்கினான்:
டயர் நான்கு. அலைன்மென்ட். பழைய டயருக்குக் கழிவு.